இருந்தால், இருக்கு

முகமாலையில் ஸோராவுக்கு ஒரே ஒரு சொல்.
மணலை மோந்துகொண்டே போவாள்,
ஓரிடத்தில் அசையாமல் இருப்பாள்.
அவள் இருந்தால், அங்கே இருக்கு.
மெற்றில்டா சிவப்புத் தடியை நட்டுவிட்டு
வந்த தடத்தாலேயே அவளைத் திருப்பிக் கூட்டி வருவாள்.
ஏழு வருடம், நூற்றுப் பதின்மூன்று தடி.
ஒருக்காலும் பிழைக்கவில்லையா என்று கேட்டால்
"பிழைச்சிருந்தால் பிழைச்சிருக்க மாட்டம்" என்பாள்.

இப்போது உரும்பிராயில் ஒரு வாடகை வீடு.
யாரோ குடும்பமாய்ச் சாப்பிட்ட அறையில்
வட்டமாய் எட்டுப் போத்தல்.
ஒவ்வொன்றிலும்
யாரோ ஒருவர் ஓர் இரவு முழுக்க
நெஞ்சோடு ஒட்டிப் படுத்த பஞ்சு.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஸோரா நாலாவதில் இருந்தால்
நெடுந்தீவில் ஒரு கைத்தொலைபேசி அடிக்கும்.

என் வேலை கண்ணாடிக்கு இந்தப் பக்கம்:
மொடலுக்கு நாயைப் படிப்பிக்கிறேன்.
போத்தலுக்குக் கீழே பாரம் அறியும் தட்டு,
கழுத்துப்பட்டியில் மூச்சை எண்ணும் கருவி,
வாலுக்கென்று தனியாக ஒரு கமெரா.
இருந்தாள், இருக்கவில்லை என்று
மெற்றில்டா இரண்டாய்ப் பார்ப்பதை
அது நானூறு துண்டாய்ப் பார்க்கிறது.
இருக்க நினைத்துப் பின்னங்கால் மடங்கி
மனம் மாறிய அரைச் செக்கன்.
மூக்கு விலகியும் காது விலகாத கணம்.
நாய் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

ஆனியில் சோளகம் பிடித்தது.
பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினார்கள்.
அன்றைக்கு மொடலின் கணக்கில்
எட்டுப் பேருக்கும் புற்றுநோய்.
பொறுப்பாளர் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார்.
ஸோரா தும்மினாள்.
மெற்றில்டா போய் யன்னலைச் சாத்தினாள்.

போன வியாழன், மூன்றாம் போத்தல்.
அதில் இருந்தது சுகதேகி ஒருவரின் பஞ்சு,
நாய் சும்மா சொல்கிறதா என்று பார்க்க
நாங்களாக வைப்பது.
வந்தாள். கடந்தாள். திரும்பி வந்தாள்.
இரண்டு தசம் ஒன்பது செக்கன்.
பின்னங்கால் மடங்கியது, இருக்கவில்லை.
வால் மட்டும் மெதுவாய், ஒரு பக்கமாய்.
மெற்றில்டா கண்ணாடிக்குள்ளால் தோளை உயர்த்தினாள்,
களைச்சுப் போனாள் என்று.
என் திரையில்: பூச்சியம் தசம் ஆறு ஒன்று.

பெயரைப் பார்க்கக்கூடாது என்பது விதி.
பார்த்தேன்.
ஆள் குறைந்த கிழமையில்
மெற்றில்டா தானே ஒட்டிப் படுத்துக் கொண்டுவந்த பஞ்சு.

ஒன்பது வருடம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்ற கை.
அந்த மணத்துக்கு எந்த நாய்தான் திரும்பாது?
அதை மொடலுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.
அல்லது படிப்பித்ததைத்தான் அது சொல்கிறது.
பூச்சியம் தசம் ஆறு ஒன்றில்
பட்சம் எவ்வளவு, கட்டி எவ்வளவு என்று
பிரித்துத் தர என்னிடம் ஒரு பொத்தானும் இல்லை.

சொல்லக்கூடாது என்பதும் விதி.
பின்னேரம் கிணற்றடியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.
கேட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.
ஸோராவும் ஈரத்தோடு வந்து
அவளின் முழங்காலோடு ஒட்டி இருந்தாள்.
"இந்தா, இப்ப வடிவாய் இருக்கிறாள்" என்றாள்.
"எதுக்கெண்டு போய் உன்ரை மெசினைக் கேள்."
சிரிப்பு வந்தது அவளுக்கு.
எனக்கு வரவில்லை.

இன்று தெல்லிப்பழையில் ஸ்கான்.
ஏழே முக்கால் பஸ்ஸில் போனாள்.
நாயை ஏற்றமாட்டார்கள், நான் நாயோடு நிற்கிறேன்.

வியாழக்கிழமை வீடியோவுக்கு அடையாளம் இடவேண்டும்.
ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
ஒன்றையும் தொடாமல் யன்னலைத் திறந்தேன்.
வெங்காயம் எல்லாம் ஏற்றிவிட்டார்கள்,
காற்றில் வெறும் மண் மணம்.
கேற்றடியில் ஸோரா
ஒழுங்கை முனையைப் பார்த்தபடி
இருக்கிறாள்.